உளி படாத ஒரு கல்லுக்காக

சேக்காட்டு ஏரிக்கரையிலிருந்து செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்கு, ஆவடி, பூந்தமல்லி வழியாகச் சென்றால் ஏறக்குறைய பதினெட்டுக் கிலோமீட்டர். திருமுல்லைவாயிலை எட்டிப் பார்த்துத் திரும்பினால் இன்னும் சிறிது கூடும். இவ்வளவு குறுகிய தொலைவுக்கு ஒரு பயணக் கட்டுரையா என்று வாசகர் எண்ணக்கூடும். இவ்வழியே நாள்தோறும் பெருங்கூட்டம் வேலைக்குப் போய்த் திரும்புகிறது. ஆயினும் ஒரே ஒரு கல்லைத் தேடி இவ்வழியில் புறப்பட்டவர் அண்மைக் காலத்தில் எவரும் இலர் என்றே நினைக்கிறேன்.

எங்கள் தெருக்கோடியில், ஏரிக்கரைப் பூவரச மரத்தின் கீழ் ஏழு கற்கள் இருந்தன. கன்னிமார் என்போம். கண், மூக்கு, கை, கால் எதுவும் செதுக்கப்படாத உருண்டைக் கற்கள். ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. சென்ற மாதம் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்ட வந்த ஒப்பந்தக்காரரின் இயந்திரம், மண்ணோடு ஒரு கல்லையும் அள்ளி லாரியில் கொட்டிவிட்டது. லாரி எந்தப் பள்ளத்தை நிரப்பப் போயிற்று என்பதை யாராலும் அறிய இயலவில்லை.

அக்கற்களுக்குத் தண்ணீர் ஊற்றி மஞ்சள் பூசிவருபவர் தனம்மாள். வயது அறுபதை நெருங்கும். அவருடைய பெற்றோர் இந்த ஏரியின் பாசனத்தில் பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவர் ஒரு கம்பெனியில் பொருள்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை செய்து ஓய்ந்தவர். ஏரிக்கு எதிரே எழுந்துள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் கார்த்திகேயன், கோயம்புத்தூர்க்காரர், கணினித் துறையில் பணியாற்றுபவர். அவர் எங்களைக் கூட்டி மிக்க மரியாதையோடு ஒரு யோசனை சொன்னார். ஆறு கற்களாக நிறுத்தி வைப்பது முறையன்று. மாமல்லபுரத்தில் ஏழு கருங்கற்சிலைகள் செய்து, சிறு மண்டபம் எழுப்பி, இரும்புக் கதவும் போட்டுவிடலாம். செலவு குடியிருப்பினுடையது என்றார்.

கூட்டம் கலையும்வரை தனம்மாள் காத்திருந்தார். வெளியே வந்தபின் என்னிடம் சொன்னார்: "சிலை வந்தா இரும்பு கேட்டு வரும் அண்ணாத்தே. கேட்டு வந்தா பூட்டு வரும். பூட்டு வந்தா சாவி யாராண்ட இருக்கும், நீயே சொல்லு."

நான் அப்படியே திரும்பிச் சென்று, ஆடி மூன்றாம் வெள்ளியன்று கூழ் வார்ப்பதற்குள் ஏழாவது கல் வந்து சேரும் என்று கார்த்திகேயனிடம் கூறினேன். "கிடைச்சுதுன்னா சந்தோஷமுங்க சார். இல்லீன்னா அன்னைக்குச் சாயங்காலமே சிலைக்கு அட்வான்ஸ் குடுத்தர்றோமுங்க" என்றார். அவர் பேச்சில் குற்றம் காண இடமில்லை.

கல்லுக்கு நிபந்தனைகள் உண்டு. அதன்மேல் உளியோ வேறு இரும்போ பட்டிருக்கலாகாது. விலைக்கு வாங்கியதாக இருத்தலாகாது. தண்ணீர் கொண்டுவந்து போட்ட இடத்திலிருந்து எடுக்கப்பட வேண்டும். இவற்றைத் தனம்மாள் விரல்விட்டுச் சொன்னபோது எளியவையாகவே தோன்றின. உருண்டைக் கல் என்பதே ஓடுகின்ற நீர் செய்த பொருளாயிற்றே. ஓடும் ஆறே இல்லாத சேக்காட்டுக்கு அக்கன்னிமார் கற்கள் எவ்வாறு வந்தன என்ற கேள்விதான் என்னை உறங்கவிடாது உறுத்தியது.

*

வியாழன், காலை ஆறரை மணி. எங்கள் தெரு ஏழுமலையின் ஆட்டோவில் புறப்பட்டேன். நாள் வாடகை எழுநூறு ரூபாய், சாப்பாடு என் பொறுப்பு. அவ்வண்டியின் கைபிரேக் நிற்காது. நிறுத்தும் இடமெல்லாம் ஓர் அரைச் செங்கல்லைச் சக்கரத்தடியில் வைப்பது ஏழுமலையின் வழக்கம்.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருக்கேன், கோர்ட்டுக்கு இட்டுகினு போயிருக்கேன். கல்லு பொறுக்கறதுக்கு ஆட்டோ பேசன மொத ஆளு நீதான் நைனா" என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

முதலில் கிழக்கே, திருமுல்லைவாயில். கோயிலை ஒட்டிய பகுதியில் இன்னும் சில வெற்றிடங்கள் எஞ்சியிருக்கின்றன என்று கேள்விப்பட்டிருந்தேன். சென்றபோது அவற்றுள் ஒன்றில் கார்கள் நின்றன, மற்றொன்றில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரி நின்றது. துளையிலிருந்து முதலில் செம்மண் நீர் பீறிட்டது. சிறிது நேரத்தில் அது வெளுத்துச் சாம்பல் நிறமாயிற்று. கரையில் விழுந்த சாம்பற் களிமண் கட்டி ஒன்றை எடுத்து விரலால் பிரித்தேன். பழைய புத்தகத்தின் தாள்களைப் போல ஏடு ஏடாகப் பிரிந்தது.

இக்களிமண் ஏடுகளைப் பற்றி நூலகத்தில் படித்திருக்கிறேன். இந்தியா தென்கோளப் பெருநிலத்தைவிட்டு விலகி நகரத் தொடங்கிய காலத்தில், இப்பகுதி கடலோரச் சேற்றுநிலமாய் இருந்தது. அச்சேற்றில் விழுந்த இலைகளின் வடிவங்கள் இன்றும் ஏடுகளுக்கிடையே கிடைக்கின்றன. நான் பிரித்த கட்டியில் இலை ஏதுமில்லை. அதன் குளிர்ச்சி மட்டும் உள்ளங்கையில் நெடுநேரம் தங்கியது. நாம் நிலையான தரை என்று நம்பிக் கடனுக்கு வீடு கட்டும் இந்த மண், ஒரு காலத்தில் நங்கூரம் அறுந்த தோணியாக வடக்கே மிதந்து வந்தது என்ற நினைப்பில், நின்ற இடத்தில் நிற்க இயலாமல் கால் மாற்றிக்கொண்டேன்.

கல்லைக் காணோம். ஏழுமலை ஒரு ஜல்லிக் குவியலைக் காட்டினார். அது இயந்திரத்தில் உடைபட்ட கருங்கல் என்று மறுத்தேன். பிறகு ஒரு குடியிருப்பின் வாயிற்பூந்தொட்டியில் கிடந்த வெள்ளை உருண்டைக் கற்களைக் காட்டினார்.

"அது கடையில் வாங்கியது" என்றேன்.

"நாமளா வாங்குனோம்? அவன்தான வாங்குனான். நாம சும்மா எட்த்துக்கலாம்."

"அதற்குப் பெயர் வேறு, ஏழுமலை."

அவர் சிரித்துக்கொண்டே செங்கல்லை எடுத்து இருக்கைக்கடியில் போட்டார். கோயில் வாயிலைக் கடக்கும்போது வண்டியிலிருந்தபடியே கும்பிட்டோம். இங்குள்ள இறைவனின் திருமேனியில் ஒரு வாள்வெட்டு உண்டென்பது தலவரலாறு. முல்லைக்கொடியில் யானையின் கால் சிக்க, அதை விடுவிக்க அரசன் வீசிய வாள் இலிங்கத்தின்மேல் பட்டதாம். அத்தழும்பை இன்றும் சந்தனத்தால் மூடி வைத்திருக்கிறார்கள். இச்செய்தி மாலையில் எனக்குப் பயன்படும் என்று அப்போது தெரியாது.

*

ஒன்பது மணியளவில் மீண்டும் ஆவடியைக் கடந்து, பருத்திப்பட்டு தாண்டிக் கூவம் பாலத்தில் நிறுத்தச் சொன்னேன். நகரத்துக்குள் கூவத்தைக் கண்டு மூக்கைப் பொத்தியவர்கள் இங்கு வந்து பார்த்தால் சற்று வியப்பர். நாணலும் ஆகாயத்தாமரையும் நடுவே ஒரு கோடு தண்ணீருமாக அது பணிவுடன் கிடக்கிறது. ஆறு என்றால் கல் இருக்குமே என்று கரையிறங்கிப் பார்த்தேன். சேறும் நெகிழிப் பைகளும் இருந்தன. தேங்காயளவு கல்லை உருட்டும் வலிமை இந்த ஆற்றுக்கு எந்நாளும் இருந்திருக்காது.

அப்படியாயின் உருட்டியது யார்? நிலவியலார் தரும் விடை என்னை எப்போதும் அமைதியிழக்கச் செய்வது. பாலாறு ஒரு காலத்தில் இன்றைய தடத்தில் ஓடவில்லை. வடகிழக்கே திரும்பி, இந்தச் சமவெளியின் குறுக்கே கிளைகிளையாய்ப் பாய்ந்து கடல் சேர்ந்தது என்கின்றனர். வடமேற்கே நகரிப் பக்கத்து மலைகளிலிருந்து உடைந்த குவார்ட்சைட் என்னும் கடுங்கற்களைப் பண்டை ஆறுகள் உருட்டி வந்தன. பின்னர் ஆறுகள் இடம்பெயர்ந்தன, கற்கள் பின்தங்கின. அவற்றின்மேல் இரும்புச்சத்து ஊறி, செம்மண் இறுகி, சரளைப் படுகையாயிற்று. நம் காலடியில் இருப்பது ஒரு கைவிடப்பட்ட ஆறு. அதன் மேலே பேருந்து நிலையம், திருமண மண்டபம், பள்ளிக்கூடம் எல்லாம் எழுந்துவிட்டன. ஏரிகள் பலவும் அப்பழைய தாழ்வுகளில்தான் தேங்கி நிற்கின்றன போலும்.

பாலத்தின் மேல் லாரிகள் செல்லுந்தோறும் கைப்பிடிச் சுவர் அதிர்ந்தது. அவற்றுள் பெரும்பாலானவை மண் ஏற்றிச் சென்றன. கற்களின் பயணம் இன்னும் முடியவில்லை. ஆற்றுக்குப் பதிலாக டீசல் அவற்றை உருட்டுகிறது.

பத்தரை மணிக்குப் பூந்தமல்லி. மெட்ரோ தூண்களின் நிழலில் ஒரு கடையில் சாப்பிட்டோம். இரண்டு இட்லி, ஒரு வடை ஐம்பது ரூபாய், சாம்பார் நன்று. சாப்பிட்டு வருவதற்குள், பின்னோக்கி வந்த ஒரு வேன் ஏழுமலையின் செங்கல் மீது ஏறி அதைத் தூளாக்கிவிட்டது. அவர் வேன்காரரைத் திட்டிய சொற்களை இங்கு எழுதுவதற்கில்லை. வண்டிக்கு ஒன்றுமாகவில்லை. செங்கல்லுக்காகத்தான் அத்தனை கோபம்.

தூண்களுக்காகத் தோண்டிய மண்ணெல்லாம் என்றோ அகற்றப்பட்டுவிட்டது. நான்கு தெருக்களில் விசாரித்தேன். ஒருவர் என்னை நில அளவையாளர் என்று கருதித் தம் மனை எல்லையைக் காட்டினார். மற்றொருவர், கல் வேண்டுமானால் ஆன்லைனில் கிடைக்கும், வீட்டுக்கே வந்துவிடும் என்றார். வெயில் ஏறஏற என் வாக்குறுதி கனத்தது. ஒரு பெண்மணியின் கையிலுள்ள தண்ணீர்ச் சொம்பு நாளை ஒரு கதவுக்கு வெளியே நிற்குமோ நில்லாதோ என்பது என் கண்ணின் கூர்மையைப் பொறுத்ததாகிவிட்டது. அந்தக் கண்ணோ, பத்தாண்டுகளுக்கு முன்பே அறுவை செய்துகொண்டது.

*

நண்பகலில் செம்பரம்பாக்கம். ஏரிக்கரையில் ஏறி நின்றால் எதிர்க்கரை ஒரு கோடாகத் தெரிகிறது. சென்னையின் குடிநீர் இங்கே காற்றில் நெளிந்து படுத்திருக்கிறது. கரைக்கு அணைத்த கற்கள் யாவும் குவாரியிலிருந்து வந்தவை. கல்லுக்குக் கல் வெடிமருந்துத் துளையின் தடம். இரும்பை முதன்முதல் கண்டறிந்த பண்டை மக்கள் இறந்தோரை இச்சுற்றுப்புற மேடுகளில் புதைத்து, மேலே வட்டமாகக் கல் அடுக்கினர். கால்கள் வைத்த சுடுமண் பேழைகளும் கிடைத்துள்ளன என்று படித்திருக்கிறேன். அம்மேடுகளை நான் தேடிய பக்கங்களில் வண்ணக் கொடிகள் நட்ட மனைப்பிரிவுகளும், விமானக் கொட்டகை போன்ற கிடங்குகளும் நின்றன. பேழையில் கிடந்தவர்கள் எந்த லாரியில் ஏறினார்களோ.

இரண்டு மணிக்கு, நாங்கள் திரும்பிவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு புதிய கிடங்குக்கு அடித்தளப் பள்ளம் தோண்டப்படுவதைக் கண்டோம். சரிவான மண்பாதையில் வண்டியை இறக்கி, ஏழுமலை எதையோ சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். நான் அதற்குள் பள்ளத்தின் விளிம்பை அடைந்திருந்தேன்.

பள்ளத்தின் சுவரில் ஓர் ஆறு தெரிந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மேலே ஒரு முழம் சாம்பல் மண், அதன்கீழ்ச் செம்மண், அதற்கும் கீழே இடுப்பளவுக்குச் சரளைப் பட்டை: உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, யாவும் ஒரே திசையில் தலை வைத்து, கடைசி வெள்ளம் வடிந்தபோது கிடந்தபடியே கிடந்தன. ஈரம் மட்டும்தான் இல்லை.

இயந்திரத்தை ஓட்டியவர் திருவண்ணாமலைப் பக்கத்து இளைஞர். தேநீர் இடைவேளையில் இறங்கிப் பார்க்க அனுமதித்தார். "சீக்கிரம் பாத்துக்கோங்க ஐயா. நாலு மணிக்குக் கான்கிரீட் லாரி வந்துடும், அப்புறம் எல்லாம் மூடிடும். இந்தக் கல்லு ரொம்பப் பொல்லாதது, பக்கெட்டுப் பல்லையே தின்னுடுது" என்றார்.

குவியலில் கிடந்த பெரிய கற்கள் ஒவ்வொன்றையும் புரட்டினேன். ஒவ்வொன்றிலும் வெள்ளைக் கீறல், இயந்திரப் பல் பட்ட வடு. இரும்பு தொட்டவை. சுவரில் பதிந்திருந்தவையோ இறுகிக் கிடந்தன. எலுமிச்சை அளவினவே கைக்கு வந்தன. இடைவேளை முடியுந் தறுவாயில், சரளைப் பட்டைக்கு அடியில் ஒரு கல்லின் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கக் கண்டேன். மண்ணை விரலால் பறித்தேன். அது தானாகவே கழன்று என் கையில் அமர்ந்தது.

அமர்ந்தது என்ற சொல்லை எண்ணித்தான் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், லேத்துகளுக்கும் அச்சுகளுக்கும் வெட்டுக்கருவி தீட்டும் பிரிவில் வேலை செய்தவன் நான். ஒரு கருவியைக் கையில் எடுத்தால் பெருவிரல் பிடியைத் தேடும். கண் வெட்டுவாயைத் தேடும். இரண்டும் இருந்தன. பாதாம் பருப்பின் வடிவம், தேன் நிறம். இரு முகத்திலும் சில்லு சில்லாகப் பெயர்த்து, நுனி நோக்கிக் கூராக்கி, அடிப்பக்கத்தை மட்டும் உள்ளங்கைக்காக உருண்டையாகவே விட்டிருந்தான், அதைச் செய்தவன். ஓரிடத்தில் சில்லு தவறான கோணத்தில் பெயர்ந்திருந்தது. அதை மறுபுறத்தில் இரண்டு சிறு தட்டல்களால் சரிசெய்திருந்தான். அந்த இரண்டு தட்டல்களின்மேல் என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். அதே பிழையை நானும் செய்திருக்கிறேன். அவ்வாறே திருத்தியும் இருக்கிறேன்.

இதுதான் ஏழாவது கல் என்று அக்கணமே முடிவு செய்துவிட்டேன். இதைவிடத் தொன்மையான, இதைவிட அழகிய கன்னி எங்கிருந்து வருவாள்? இயந்திரம் உறுமத் தொடங்கியது. மேலே ஏறி, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியெல்லாம் அது என்னை நிம்மதியாக உட்காரவிடவில்லை. வலக்கையில் பிடித்தேன், இடக்கையில் பிடித்தேன், மடியில் வைத்தேன், மீண்டும் எடுத்தேன். இது மனிதன் செதுக்கிய கல் என்பதைத் தனம்மாளிடம் சொல்லாமல் விட்டால் என்ன? அவருக்கு இது ஒரு கல்லாகவே தெரியும். கதவும் பூட்டும் வராமற்போகும். கூவம் பாலம் வரை இவ்வாறு எண்ணினேன். பாலத்தைத் தாண்டியபின், சொல்லிவிடுவதென்று துணிந்தேன்.

*

மாலை ஐந்து மணி, சேக்காடு. தெரு சற்றே சரிவானது. ஏழுமலை வண்டியை நிறுத்தி முட்டுக் கொடுத்தார். பூவரச மரத்தடியில் தனம்மாள் ஆறு கற்களையும் கழுவி வைத்துக் காத்திருந்தார்.

துண்டைப் பிரித்துக் கொடுத்தேன். உண்மையையும் சொன்னேன்: மிகப் பழங்காலத்தில், உழவும் ஊரும் தோன்றுமுன், இரும்பை எவரும் அறியாத நாளில், ஒரு மனிதன் இதைக் கல்லால் தட்டிச் செய்தான், ஆதலால் உளி பட்டதாகக் கொள்ளலாகாது. போதாக்குறைக்குத் திருமுல்லைவாயிலையும் துணைக்கழைத்தேன். அங்கே சுவாமியின் மேனியிலேயே வெட்டு இருக்கிறதல்லவா என்றேன்.

அவர் அதைக் கையில் வாங்கினார். அவர் விரல்களும் தாமாகவே பிடியைத் தேடி அடைந்ததைப் பார்த்தேன். சிறிது நேரம் காற்றில் எதையோ நறுக்குவதுபோல் அசைத்தார்.

"அது வெட்டு வாங்குன சாமி அண்ணாத்தே. இது வெட்றதுக்குன்னே செஞ்ச சாமான்" என்றார். "ஒருத்தன் கைப்பொருள். எங்கியோ வெச்சிட்டுப் போயிருக்கான். தேடிகினு வருவான். இத்த எட்த்து சாமின்னு குந்த வெச்சா, வந்தவன் இன்னா நெனைப்பான்?"

அவர் அதை இரு கைகளாலும் என்னிடமே திருப்பித் தந்தார். ஆறு கற்களையும் பார்த்தபடி இருவரும் நின்றோம். குடியிருப்பின் மேல்மாடத்திலிருந்து கார்த்திகேயன் எட்டிப் பார்த்து, கிடைத்ததா என்று கைச்சைகையால் வினவினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏழுமல" என்றார் தனம்மாள், திடீரென்று. "வண்டிக்கி அண்ட குடுத்துக்கிறியே, அது இன்னா கல்லு?"

"அதுவா? செங்கல்லுதான் பூந்தமல்லில பூட்ச்சே. அந்தப் பள்ளத்தாண்ட, எறங்கற வழியில கெடந்துச்சு. நேத்து மழ மண்ண அரிச்சிகினு போயிருக்கு, ஓரமா உருண்டு வந்து கெடந்துச்சு. நல்லா குந்துதேன்னு வண்டில போட்டுகினேன்."

"கடப்பாற கிடப்பாற போட்டு எட்த்தியா?"

"கையாலதான் எட்த்தேன். இன்னா இப்ப?"

தனம்மாள் குனிந்து சக்கரத்தடியில் பார்த்தார். நானும் முழங்காலிட்டுப் பார்த்தேன். தேங்காயளவு, பழுப்பு நிறம், எங்கும் ஒரு கீறலில்லை. நகரி மலையில் பிறந்து, பெயர் தெரியாத ஆறுகளில் உருண்டு, கடைசியாக நேற்றைய மழை கொண்டுவந்து போட்ட கல். பிற்பகல் முழுதும் அது என் காலடியில் உருண்டுகொண்டுதான் வந்திருக்கிறது. மடியிலிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த நான் அதை ஒருமுறையும் பார்க்கவில்லை.

"டயரு ஏறுன கல்லு, அக்கா" என்றார் ஏழுமலை, தயங்கி.

"தண்ணி ஊத்துனா போச்சு. நீ மொதல்ல வண்டிய புட்ச்சிக்கோ."

ஏழுமலை வண்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். தனம்மாள் கல்லை எடுத்தார். வண்டி மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது. நான் என் செருப்பைக் கழற்றிச் சக்கரத்தடியில் வைத்தேன்.

*

மறுநாள் கூழ் வார்த்தார்கள். மஞ்சள் பூசிய ஏழு கற்களையும் கார்த்திகேயன் நெடுநேரம் பார்த்தார். "ஏழும் ஒண்ணு மாதிரி இல்லீங்களே" என்றார். அக்காள் தங்கைகள் அச்சடித்ததுபோலவா இருப்பார்கள் என்று தனம்மாள் கேட்க, அவர் சிரித்து, ஒரு சொம்புக் கூழை வாங்கிக்கொண்டார். சிலைப் பேச்சை அவர் அதன்பின் எடுக்கவில்லை. கதவும் வரவில்லை.

இத்தனை ஆண்டுகள் இதே சேக்காட்டில் நிலையாகக் குடியிருப்பவன் என்றுதான் என்னைக் கருதியிருந்தேன். அப்பதினெட்டுக் கிலோமீட்டரைப் போய் வந்தபின் அந்நினைப்பு தளர்ந்துவிட்டது. நிலம் மிதந்து வந்தது. ஆறு எழுந்து போயிற்று. கல் இன்னும் உருள்கிறது. நடுவில் எவனோ ஒருவன் தன் கருவியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கணம் எங்கோ சென்றிருக்கிறான்.

அக்கருவியைத் திங்களன்று தொல்லியல் துறையினரிடம் ஒப்படைப்பதாக இருக்கிறேன். அதுவரை என் வீட்டு முன்னறைச் சன்னலில் இருக்கும். கூர்நுனி சுவரை நோக்கியும் பிடி வாசலை நோக்கியும் வைத்திருக்கிறேன். வருபவன் எளிதாக எடுத்துக்கொள்ளட்டும்.